மூணாவது மாடிக் காடு

குருவுக்கு நாற்பத்திரண்டு வயசு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. என்ன இது, தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். நடந்தது அப்படி.

குருவின் பேர் தையல்நாயகி. ஒரு காலத்தில் மாயவரத்தில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். ஒருநாள் பாடத்தின் நடுவே சாக்பீஸைக் கீழே வைத்தவர், பிறகு அதை எடுக்கவே இல்லை. இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறார். வருகிறவர்கள் அதை மடம் என்கிறார்கள். வீட்டுக்காரர் மாடி போர்ஷன் என்கிறார். இரண்டும் சரிதான்.

சீடரின் பேர் சபாநாயகம். சென்னையில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் போன் எடுக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நெஞ்சு வலிக்கிறது, லாரி மோதிவிட்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது என்று யார் அலறினாலும், அந்த அலறல் முதலில் வந்து விழுவது அவருடைய ஆட்களின் காதில்தான். வண்டி போய்ச் சேரும்வரை லைனை விடாமல் பேச வேண்டும். மூச்சு நின்றுபோனவர்களுக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்து, கூடவே எண்ண வேண்டும். வண்டி வந்ததும் லைன் கட். அடுத்த நொடி அடுத்த அலறல்.

சபாநாயகம் நல்ல மனுஷர். தன் ஆட்கள்மேல் உயிரையே வைத்திருந்தார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயெல்லாம் பல்லாக மடத்துக்கு வந்தார். குரு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என் பிள்ளைங்களுக்கு ஒரு காடு வாங்கிக் கொடுத்துட்டேன்."

"எங்கே?"

"மூணாவது மாடியில."

குரு வாய்க்குக் கொண்டுபோன கடலையை அப்படியே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"வி.ஆர். பெட்டிம்மா. கண்ணை மூடற மாதிரி தலையில மாட்டிக்கணும். உள்ளே படம் ஓடும். தலையைத் திருப்பினா காடும் திரும்பும். மேலே பார்த்தா மரம், கீழே பார்த்தா ஓடை, காதுல அருவி. ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே காட்டுக்குள்ள இருக்கலாம். தினமும் ஒரு தடவை எல்லாரும் போய் உட்காரணும்னு வச்சுட்டேன்."

"மழை உண்டா?"

"லேசாத் தூறும்மா. நனையாது."

"நனையாத தூறலா! பேஷ்."

"வெளியே வரும்போது கதவோரமா அஞ்சு முகம் இருக்கும். அழுமூஞ்சியில ஆரம்பிச்சு வாயெல்லாம் பல்லா சிரிக்கிற முகம் வரைக்கும். ஆபீஸ் அடையாளக் கார்டைக் காட்டிட்டு ஒண்ணை அமுக்கணும். அம்மா, நம்ப மாட்டீங்க, எல்லாரும் பல்லுதான்! ஒருத்தர் பாக்கியில்லாம!"

சொல்லும்போது மனுஷருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குரு ஒரு பிடி கடலையைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை சபாநாயகம் மறுபடி வந்தார். வேலை நாளில் அவர் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டார். குரு அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், செருப்பைப் பற்றிப் பேசவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஜெபக்கனின்னு ஒரு பொண்ணும்மா. தூத்துக்குடிக்காரி. என்கிட்ட இருக்கறதுலயே கெட்டிக்காரி. நான்தான் தேடிப் பிடிச்சு வேலைக்கு எடுத்தேன். இன்னைக்குக் காலையில அவ வீட்டுக்காரர் தாவீது என்னைப் பார்க்க வந்தார்."

"ம்."

"வீட்டுல போன் அடிச்சா எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிடறாளாம். சாப்பாட்டுல கையை வச்சுக்கிட்டு அப்படியே இருக்காளாம். ஆடி மாசத்துலேருந்தே இப்படித்தான் சார், கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்னு அழறார். அதுகூடப் பரவாயில்லைம்மா. நேத்து..."

குரு தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார்.

"அவளுக்கு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. பியூலா. நேத்துக் குளிக்கற ரூம்ல வழுக்கி விழுந்திருக்கு. முழங்கால்ல ரத்தம். அம்மா அம்மான்னு வீரிட்டு அழுதிருக்கு. இவ ஓடிப்போய்த் தூக்கலம்மா. கதவுகிட்ட நின்னுக்கிட்டு, 'பதறாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன். உங்க இடத்துக்குப் பக்கத்துல கோயில், கடை ஏதாவது அடையாளம் சொல்லுங்க'ன்னு சொல்லியிருக்கா."

கடலை உரித்துக்கொண்டிருந்த குருவின் கை நின்றுவிட்டது.

"பெத்த குழந்தைகிட்டம்மா! அந்தக் குழந்தை அழுகையை நிறுத்திட்டு அவளையே பார்த்துச்சாம். அப்புறம் 'எங்க வீட்டுலதாம்மா விழுந்தேன்'னு சொல்லிச்சாம்."

"அந்தப் பொண்ணு என்ன செஞ்சா?"

"அப்பவும் ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சுன்னு சொல்லிட்டு நின்னிருக்கா. தாவீதுதான் ஓடிவந்து தூக்கியிருக்கார். அவர் போனதும் நான் நேரா அந்த முகம் அமுக்கற மிஷினைப் போய்ப் பார்த்தேன். நேத்து அவ என்ன முகத்தை அமுக்கியிருக்கா தெரியுமா? பல்லு! காட்டுக்குப் போயிருக்கா, அருவியைப் பார்த்திருக்கா, பல்லு முகத்தை அமுக்கியிருக்கா, வீட்டுக்குப் போய்க் குழந்தைகிட்ட அடையாளம் கேட்டிருக்கா. எப்படிம்மா? காட்டுல ஏதோ குறை. இன்னும் என்ன சேர்க்கணும்? மயில் விடலாமா? கடல் வைக்கலாமா?"

குரு கடலைத் தோலை முறத்தில் தட்டிவிட்டு எழுந்தார்.

"உன் காட்டைக் காட்டு."

இரண்டு பேரும் மின்சார ரயிலைப் பிடித்துப் போனார்கள். வழியெல்லாம் சபாநாயகம் மயிலையும் கடலையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பாவம், அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்றாவது மாடியில் ஒரே பெரிய கூடம். வரிசையாக ஆட்கள், காதில் போன். குரு ஒரு பையனின் பின்னால் போய் நின்றார். அவன் யாரோ ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று மகனோடு பேசிக்கொண்டிருந்தான். தலையை உயர்த்தி உட்கார வைக்கச் சொன்னான், ஜன்னலைத் திறக்கச் சொன்னான், தைரியம் சொன்னான். வண்டி வந்தது. அந்த முனையில் "அம்மா, அம்மா!" என்று ஒரு சத்தம். லைன் கட். பையன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். அடுத்த போன் வந்துவிட்டது.

"அந்த அம்மா பொழைச்சுக்குவாங்களா?" என்று கேட்டார் குரு.

"அது இவங்களுக்குத் தெரியாதும்மா. தெரியவும் கூடாது. இங்கே முதல் விதியே அதுதான். முடிவைக் கேட்கக் கூடாது. நான் போட்டது."

"ஏன்?"

"முன்னாடி ஒரு பையன் இருந்தான். தான் பேசின ஆள் செத்துட்டார்னு தெரிஞ்சதும் மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டான். எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரலை. அன்னைக்கு முடிவு பண்ணேன். தெரிஞ்சாத்தானே வலிக்கும்? அதனால சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற சேதி எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். யாரையாவது பார்த்து நன்றி சொல்லணும்னு வர்றவங்களைக்கூட மேலே விட மாட்டேன். கீழேயே உட்கார வச்சு டீ கொடுத்து அனுப்பிடுவேன்."

"நல்ல சேதியைக்கூடவா சொல்ல மாட்டே?"

"இன்னைக்கு ஒரு நல்ல சேதி சொன்னா, நாளைக்கு நான் வாயைத் திறக்கலைன்னா கெட்டதுன்னு புரிஞ்சிடும் இல்லையா? அதனால எதையுமே சொல்றதில்லை. எல்லாத்தையும் நானே வாங்கி வச்சுக்கறேன்."

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "காடு எங்கே?" என்றார்.

காடு கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. ஆறேழு சாய்வு நாற்காலிகள். மங்கலான விளக்கு. ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. குரு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை மாட்டிக்கொண்டார். தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். முழுக் காட்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

"காடு நல்லாத்தான் இருக்கு. கொசுவையும் அட்டையையும் மட்டும் விட்டுட்டாங்க."

சபாநாயகம் பெருமையோடு தலையாட்டினார்.

குரு பெட்டியைத் திருப்பிப் பிடித்தார். முகத்தில் பதியும் இடத்தில் கண்ணைச் சுற்றி ஒரு பஞ்சுப் பட்டை இருந்தது. அதை விரலால் அழுத்தினார்.

"ஈரமா இருக்கே."

"வேர்வைம்மா."

"இந்தக் குளிர்லயா? எனக்குப் பல்லு தந்தி அடிக்குது."

அடுத்த நாற்காலிப் பெட்டியை எடுத்தார். ஈரம். அதற்கடுத்தது. ஈரம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தந்த இடத்திலேயே வைத்தார்.

"சபாநாயகம், இந்தக் காட்டை அணைச்சு வை."

"அம்மா?"

"படமும் வேண்டாம், அருவிச் சத்தமும் வேண்டாம். பெட்டி மட்டும் இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாதே. எவனாவது வந்து காடு வரலைன்னு சொன்னா உடனே போட்டுவிடு. யாரும் சொல்லலைன்னா என்கிட்ட வந்து சொல்லு."

"முதல் ஆள் உள்ளே போனதும் கூச்சல் போடுவானேம்மா!"

"போடட்டும். அப்போ மயில் விடலாம்."

குரு சொன்னால் சொன்னதுதான். அன்று சாயங்காலமே சபாநாயகம் தன் கையால் காட்டை அணைத்தார். மறுநாள் விடிந்ததும் யார் முதலில் கத்தப்போகிறார்கள் என்று கதவுக்குப் பக்கத்திலேயே பழியாகக் கிடந்தார்.

முதல் ஆள் போனான். வந்தான். கார்டைக் காட்டினான். பல்லு முகத்தை அமுக்கினான். போய்விட்டான்.

இரண்டாவது ஆள். பல்லு. மூன்றாவது ஒரு பெண், தலையை முடிந்துகொண்டே வந்து முழங்கையாலேயே பல்லை அமுக்கிவிட்டுப் போனாள். சாயங்காலம் வரைக்கும் அதே கதை. மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் போயிற்று. ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சபாநாயகத்துக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் பயமாகிவிட்டது. காடு தானாக ஓடுகிறதோ என்று பெட்டியைத் தானே மாட்டிப் பார்த்தார். கும்மிருட்டு.

தாங்க முடியாமல் ஒரு பையனை நிறுத்தினார்.

"என்னப்பா, காடு எப்படி இருக்கு?"

"சூப்பர் சார்! அந்த மான்குட்டி இருக்கே, அதுதான் சார் ஹைலைட்!"

அட கடவுளே! அந்தக் காட்டில் என்றைக்குமே மான் கிடையாது.

ஜெபக்கனி வந்தாள். அவளையும் கேட்டார்.

"நல்லா இருக்கு சார். இந்த வாரந்தான் ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள். பல்லு முகத்தை அமுக்கினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

சபாநாயகம் கூடுவாஞ்சேரிக்கு ஓடினார்.

"எல்லாரும் பொய் சொல்றாங்கம்மா! இருட்டுக்குள்ள உட்கார்ந்துட்டு வந்து மான்குட்டி பார்த்தேங்கறாங்க! ஆசை ஆசையா செஞ்சேனே, என் முகத்துக்கு நேரா ஏமாத்தறாங்களே!"

"அழுமூஞ்சியை அமுக்கினா என்ன ஆகும்?"

"இன்னொரு தடவை காட்டுக்கு அனுப்புவோம்."

"எப்போ?"

"வேலை நேரத்துல முடியாதே. சாப்பாட்டு நேரத்துல."

"அப்போ நானும் பல்லைத்தான் அமுக்குவேன்" என்றார் குரு. "கிளம்பு."

அன்று மத்தியானம் காட்டு அறை காலியாக இருந்த நேரம். குரு கோடியில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"போய் உட்காரு. பெட்டியை மாட்டிக்கோ. காதை மட்டும் விட்டுடு. அசையாம இரு."

"எதைப் பார்க்கணும்மா?"

"அங்கே பார்க்கறதுக்கு என்ன இருக்கு? போ."

குரு வெளியே ஐந்து முகங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சபாநாயகம் பெட்டியை மாட்டினார். இருட்டு. முகத்தில் பாதி மறைந்துவிட்டால் தலைவர் யார், வேலைக்காரர் யார்? ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நாற்காலிகள் முனகின. யாரும் யாரோடும் பேசவில்லை. பெட்டி மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு மெதுவாக, மந்திரம் மாதிரி ஒரு முணுமுணுப்பு.

"கதவை உடைச்சிட்டாங்களா? உடைச்சிருப்பாங்க. உள்ளே போயிருப்பாங்க. தாத்தா, கேக்குதா தாத்தா?"

இன்னொரு பக்கம்: "தலை வெளிய வந்துடுச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் என்னம்மா ஆச்சு? அழுதுச்சா? குழந்தை அழுதுச்சா?"

மான்குட்டி சொன்ன பையனின் குரலும் கேட்டது. "டிரைவர் அண்ணே. அண்ணே, லைன்ல இருக்கீங்களா? அண்ணே."

சபாநாயகம் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாக இதையெல்லாம் அருவிச் சத்தம் அமுக்கி வைத்திருந்தது. ஒருத்தரும் காட்டைப் பார்க்கவே இல்லை. இந்த ஆபீஸில் கண்ணை மூடிக்கொண்டு அழ ஒரு இடம் கிடைத்தது என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்போது பக்கத்து நாற்காலியில் எண்ணும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... அழுத்துங்கம்மா, பயப்படாதீங்க, நெஞ்சுக்கு நடுவுல... ஏழு, எட்டு... பாப்பா வந்துரும்மா, விடாதீங்க... பதினஞ்சு, பதினாறு, பதினேழு."

பதினேழோடு நின்றது. ஒரு மூச்சு. மறுபடி ஒன்றிலிருந்து.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

ஜெபக்கனியின் குரல். மறுபடி பதினேழில் நின்றது. மறுபடி ஒன்று. அவருக்கு அந்த போன் ஞாபகம் வந்தது. ஆடி மாசம். மதுராந்தகம் பக்கம் ஒரு வீடு. தண்ணீர்த் தொட்டியில் விழுந்த குழந்தை. அம்மா ஒருத்தி போனில் அலறினாள், இவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், வண்டி வந்தது, லைன் கட் ஆயிற்று. பதினேழில் கட் ஆகியிருக்கிறது.

அந்தக் குழந்தையை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். கையில் சாக்லேட் கொடுத்திருக்கிறார்.

சபாநாயகம் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார்.

"ஜெபக்கனி!"

அவள் பதறிப் பெட்டியைக் கழற்றினாள். கண்ணெல்லாம் சிவந்து, கன்னமெல்லாம் ஈரம். எதிரே தலைவர் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் துடைத்துப் பல்லைக் காட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"பொழைச்சிருச்சும்மா."

"யாரு சார்?"

"அந்த மதுராந்தகத்துப் பாப்பா. தொட்டியில விழுந்த பாப்பா. பொழைச்சிருச்சு. நல்லா இருக்கு."

ஜெபக்கனி அவரையே பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, எடுக்க மறந்துவிட்டாள்.

"நெசமாவா சார்? யார் சொன்னா?"

"நானே பார்த்தேன். இங்கே வந்துச்சும்மா. அவங்க அம்மா இடுப்புல தூக்கிக்கிட்டு வந்தாங்க. போன்ல பேசின அக்கா முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்கணும்னாங்க. நான்தான்... கீழேயே..."

"எப்போ சார்?"

"ஆவணியில."

"அன்னைக்கு நான் வேலைக்கு வந்திருந்தேனா?"

"வந்திருந்தே."

"மேலதான் இருந்தேனா சார்?"

"மேலதாம்மா இருந்தே."

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. அவள் உதடு அசைந்தது, மாசங்களை எண்ணியிருப்பாள்.

"பாப்பா பேர் என்ன சார்?"

சபாநாயகம் வாயைத் திறந்தார். மூடினார்.

"கேக்கலம்மா."

அவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. "அடப் பாவி மனுஷா!" என்று கத்திவிட்டாள். தலைவரைத்தான். அந்தக் கூடத்தில் அப்படி ஒரு குரல் அதுவரை கேட்டதில்லை. பெட்டியைத் தேடவில்லை, முகத்தை மூடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் பியூலா, பியூலா என்று தன் பெண் பேரைச் சொன்னாள். "என் புள்ள விழுந்ததுக்கு நான் தூக்கல சார். தூக்கவே இல்ல" என்றாள்.

சபாநாயகம் பட்ட மரம் மாதிரி நின்றார். தாவீதுக்குப் போன் போடு என்று யாரிடமோ சொன்னார். இன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகட்டும் என்றார். சொல்லிவிட்டுத் திரும்பினால், சுற்றிலும் எல்லாரும் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஈர முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சார், என் தாத்தா? கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளே விழுந்தாரே, ஆவடித் தாத்தா?"

"சார், அந்தப் பிரசவம்? பல்லாவரம்?"

மான்குட்டிப் பையன் எழுந்தே வந்துவிட்டான். "சார், தண்ணி லாரி டிரைவர். ஸ்ரீபெரும்புதூர் ரோடு. என்கிட்ட, 'எங்கப்பா மாதிரி பேசறியே'ன்னு சொன்னார் சார். அவர் என்ன ஆனார்?"

தாத்தா பிழைத்துவிட்டார். பல்லாவரத்தில் பெண் குழந்தை. சபாநாயகத்துக்கு எல்லாம் தெரியும். தண்ணி லாரி டிரைவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை என்பதும் தெரியும். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே ஓடிவந்தார்.

குரு அதே நாற்காலியில் இருந்தார். உள்ளே போட்ட சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சபாநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, செத்தேன். நான் என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கேன்! பொழைச்ச குழந்தைக்கு அவ அஞ்சு மாசமா துக்கம் சுமந்திருக்காம்மா. அது கீழே சாக்லேட் தின்னுக்கிட்டு இருந்துச்சு, இவ மேலே இருந்தா. நடுவுல நான் நின்னேன்."

குரு அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"நல்ல சேதியைச் சொல்லிட்டேன். இனிமேலும் சொல்லிடுவேன். ஆனா உள்ளே ஒரு பையன் நிக்கறாம்மா. அவன் ஆள் பொழைக்கலை. அதை எப்படிச் சொல்வேன்? இன்னைக்கு இவன். நாளைக்கு இன்னொருத்தி. தாங்குவாங்களா? மறுபடி மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டா?"

"அன்னைக்கு அந்தப் பையன் மேஜைக்கு அடியில உட்கார்ந்தப்போ நீ என்ன செஞ்சே?"

"கூப்பிட்டேன். வரலை. விதி போட்டேன்."

"நீயும் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம்."

சபாநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, கணக்கு சொல்லு" என்றார் குரு. "பத்துப் பேருக்கு வண்டி அனுப்பினா, எத்தனை பேர் தவறிடறாங்க?"

"ரெண்டு... மூணு பேர்னு வச்சுக்கலாம்மா."

"அது உன் மேஜைக் கணக்கு. உள்ளே இருக்கறவங்க கணக்குல எத்தனை?"

சபாநாயகம் நிமிர்ந்து பார்த்தார். அறைக்குள்ளிருந்து ஜெபக்கனியின் அழுகை இன்னும் கேட்டது.

"லைன் கட் ஆனவங்க ஒருத்தர் விடாம அவங்க மனசுல செத்துத்தான் கிடக்காங்க, சபாநாயகம். பத்துக்குப் பத்து. நீ எழுந்து உள்ளே போ. போன மூணு பேருக்கு அவங்க அழுது முடிக்கட்டும், நீயும் கூட உட்கார்ந்து அழு. பொழைச்ச ஏழு பேரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பு."